விமான நிலைய ஓடுபாதையும் டாக்சிவேயும்: எல்லைகளும் விதிகளும்

கொல்கத்தாவின் தென்பகுதியில் ராஷ் பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் நாற்சந்தியைக் காணாதவர் அந்நகரை முழுமையாகக் கண்டவர் ஆகார். புடவைக் கடைகளும் மீன் சந்தையும் நடைபாதைக் கடைகளும் நெருங்கி நிற்கும் அவ்விடத்தில், பேருந்தும் ஆட்டோவும் கைவண்டியும் கால்நடையாகச் செல்வோரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தும் விட்டுக்கொடுக்காமலும் கடந்து செல்கின்றனர். 1996-ஆம் ஆண்டு நவம்பரில் நடைபாதைக் கடைகளை அகற்றும் பெருமுயற்சி இங்கு நடைபெற்றது. சில காலத்திற்குள் கடைகள் மீண்டும் வந்துவிட்டன. 2002-இல் மேம்பாலம் எழுந்தது. அதன் கீழும் வாழ்க்கை முன்போலவே தொடர்ந்தது. சாலை என்பது இத்தகைய சமரசங்களைத் தாங்கிக்கொள்ளும் இடமாகும். விதி மீறப்பட்டாலும், பெரும்பாலான வேளைகளில் யாரோ ஒருவர் பிரேக்கை அழுத்துவார். யாரோ ஒருவர் ஒதுங்கி நிற்பார்.

அந்நாற்சந்தியிலிருந்து வடகிழக்கே, நேர்க்கோட்டில் ஏறக்குறைய 17 கி.மீ. தொலைவில், டம்டமில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சர்வதேச விமான நிலையம் அமைந்துள்ளது. அங்கேயும் பாதைகள் உள்ளன, சந்திப்புகள் உள்ளன, கோடுகளும் விளக்குகளும் பெயர்ப் பலகைகளும் உள்ளன. ஆனால் அங்கு சமரசத்திற்கு இடமில்லை. வேகம் எடுத்துவிட்ட விமானத்திற்குச் சட்டென்று நிற்கும் ஆற்றலும் இல்லை. ஒதுங்கிச் செல்லும் வழியும் இல்லை. ஆதலால் ஓடுபாதையைப் பற்றிய விதிகள் அனைத்தும் ஒரே அடிப்படையிலிருந்து பிறக்கின்றன: ஒரு நேரத்தில் ஓர் ஓடுபாதை ஒருவருக்கே உரியது, அது யாருக்கு உரியது என்பதை ஒரே குரல்தான் கூற வேண்டும்.

இவ்வடிப்படை தரையில் எங்ஙனம் கோடாகவும் விளக்காகவும் சொல்லாகவும் மாறுகிறது என்பதையும், கரியாஹாட்டில் மாடி வீடு கட்டுபவரைக்கூட அது எவ்வாறு தொடுகிறது என்பதையும் இங்குக் காண்போம்.

பரப்பும் அதன் பிரிவுகளும்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் வழித் தோன்றியது. விமான நிலையங்களின் அமைப்பைப் பற்றிய உலகத் தரங்களை அவ்வுடன்படிக்கையின் 14-ஆம் இணைப்பு வகுத்துரைக்கிறது. நம் நாட்டில் அத்தரங்களைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தனது நெறிமுறைகளாக வெளியிட்டு நடைமுறைப்படுத்துகிறது. 1934-ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டம் நீண்ட காலம் இதற்கு அடித்தளமாக விளங்கியது. அதன் இடத்தில் 2024-ஆம் ஆண்டின் பாரதீய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கொல்கத்தா நிலையத்தை நடத்துவதும், அங்கு வான் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவதும் 1995 ஏப்ரலில் தோன்றிய இந்திய விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பாகும்.

மாணவர்கள் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை இரண்டு சொற்கள். விமானங்கள் தரையில் நடமாடும் பரப்பு முழுவதும் நடமாட்டப் பரப்பு எனப்படும். ஓடுபாதை, டாக்சிவே, ஏப்ரன் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். ஓடுபாதை என்பது ஏறவும் இறங்கவும் உரியது. டாக்சிவே என்பது விமானம் தன் சக்கரங்களின் மீது மெதுவாக ஊர்ந்து செல்லும் இணைப்புப் பாதை. ஏப்ரன் என்பது பயணிகள் ஏறி இறங்குவதற்கும் எரிபொருள் நிரப்புவதற்கும் விமானம் நிற்கும் தளம். இம்மூன்றில் ஏப்ரனை நீக்கிவிட்டு எஞ்சும் ஓடுபாதையும் டாக்சிவேயும் சேர்ந்து இயக்கப் பரப்பு எனப்படும்.

ஏப்ரனை ஏன் தனியே பிரிக்க வேண்டும் என்ற வினா எழலாம். ஏப்ரனில் எரிபொருள் வண்டி, உணவு வண்டி, பெட்டிகளை இழுக்கும் டிராக்டர், துப்புரவுப் பணியாளர் எனப் பலரும் தத்தம் வேலையைச் செய்கின்றனர். ஒவ்வோர் அசைவிற்கும் கோபுரத்திடம் அனுமதி கேட்பது அங்கு இயலாது. இயக்கப் பரப்பிலோ, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியின்றி ஒரு மிதிவண்டிகூட நுழைதல் ஆகாது. எனவே ஏப்ரனின் விளிம்பு ஒரு பொறுப்பு மாறும் எல்லையாகும். அதைத் தாண்டும் ஓட்டுநர், தன் கண்ணையும் அனுபவத்தையும் நம்பிச் செல்லும் உலகிலிருந்து, கோபுரத்தின் சொல்லை மட்டும் நம்பிச் செல்லும் உலகிற்குள் நுழைகிறார்.

கொல்கத்தாவில் இரண்டு ஓடுபாதைகள் ஏறத்தாழ வடக்கு தெற்காக இணையாக ஓடுகின்றன. நீண்டதன் நீளம் சுமார் 3,600 மீட்டர். ஓடுபாதையின் பெயர் அதன் காந்தத் திசையைப் பத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணாகும். தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இறங்கும்போது திசை ஏறக்குறைய 10 பாகையாதலால் 01. அதே பாதையில் எதிர்முனையிலிருந்து வரும்போது 190 பாகையாதலால் 19. இணைப் பாதைகளை வேறுபடுத்த இடது, வலது என்னும் குறிகள் சேர்க்கப்படுகின்றன.

இரண்டு ஓடுபாதைகள் இருப்பதால் ஒரே நேரத்தில் இரு மடங்கு விமானங்கள் இறங்கலாம் என்று எண்ணிவிடுதல் கூடாது. கருவிகளின் துணையுடன் இரு விமானங்கள் ஒன்றையொன்று சாராமல் ஒரே வேளையில் இறங்க வேண்டுமாயின், பாதைகளின் நடுக்கோடுகளுக்கிடையே குறைந்தது 1,035 மீட்டர் இருத்தல் வேண்டும். கொல்கத்தாப் பாதைகள் இதைவிட மிக நெருங்கியவை. மேலும், இரண்டும் முனையக் கட்டடத்தின் ஒரே பக்கத்தில் அமைந்திருப்பதால், அப்பாலுள்ள பாதையை அடைவதற்கு இப்பாலுள்ளதைக் கடந்தாக வேண்டியுள்ளது. எல்லைக்கோட்டின் முக்கியத்துவம் இத்தகைய நிலையங்களில் இரட்டிப்பாகிறது.

ஓடுபாதை என்பது தார்ப்பரப்பு மட்டுமன்று

45 மீட்டர் அகலமுள்ள தளமே ஓடுபாதை என்று பொதுமக்கள் கருதுவர். விதியின் பார்வையில் அது ஒரு பெரிய செவ்வகத்தின் நடுப்பகுதி மட்டுமே. கருவித் தரையிறக்கம் நடைபெறும் பெரிய ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து இரு மருங்கிலும் 140 மீட்டர் வரையிலும், முனைகளுக்கு அப்பால் 60 மீட்டர் வரையிலும் பட்டை இருத்தல் வேண்டும். அதற்கும் அப்பால் ஓடுபாதை முனைப் பாதுகாப்புப் பகுதி தொடங்குகிறது. இதன் நீளம் குறைந்தது 90 மீட்டர். பெரிய ஓடுபாதைகளுக்கு 240 மீட்டர் பரிந்துரைக்கப்படுகிறது. பாதையைவிட்டு விலகிய விமானம் பெருஞ்சேதமின்றி நிற்பதற்கான இடமே இது. இப்பசுமையான வெற்றுநிலத்தைக் கண்டு, "இவ்வளவு நிலம் வீணாகக் கிடக்கிறதே" என்று கேட்பவர் உண்டு. அந்நிலம் ஒவ்வொரு நாளும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதன் வேலை காலியாக இருப்பது.

அப்பகுதிகளில் வழிகாட்டும் கருவிகள் சில இருந்தே தீர வேண்டும். அவை மோதினால் எளிதில் முறிந்து விழுவனவாக இருத்தல் வேண்டும் என்பது விதி. இதன் பொருளை இரு நிகழ்ச்சிகள் விளக்கும். 2010 மே 22-ஆம் நாள் மங்களூரில் மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டி ஓடிய விமானத்தின் இறக்கை, திசைகாட்டும் ஆண்டெனாவைத் தாங்கிய கான்கிரீட் அமைப்பின் மீது மோதியது. பின்னர் விமானம் பள்ளத்தாக்கில் விழுந்தது. 158 பேர் மாண்டனர். 2024 டிசம்பர் 29-ஆம் நாள் தென்கொரியாவின் முவான் நிலையத்தில், சக்கரங்கள் இறங்காத நிலையில் தரையைத் தேய்த்துச் சென்ற விமானம், இதே வகை ஆண்டெனாவைத் தாங்கிய கான்கிரீட் உள்ள மேட்டில் மோதியது; 179 பேர் மாண்டனர். இரண்டு விபத்துகளுக்கும் தொடக்கக் காரணங்கள் வேறு வேறு. ஆனால் முனைக்கு அப்பால் நின்ற உறுதியான பொருள் இரண்டிலும் இருந்தது.

கொல்கத்தாவில் இதனுடன் தொடர்புள்ள வேறொரு நிலைமை உண்டு. சிறிய ஓடுபாதையின் வட முனைக்கு அருகே, விமான நிலையம் விரிவடைவதற்கு முன்பே அங்கிருந்த பழைய மசூதி ஒன்று அமைந்துள்ளது. இதனால் அம்முனையில் திரெஷோல்ட் எனப்படும் இறங்கு எல்லை உட்புறமாக நகர்த்தப்பட்டுள்ளதாக 2025-இல் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இறங்கு எல்லையை நகர்த்துவது என்றால் என்ன? தளம் அப்படியே இருக்கும். ஆனால் அந்த எல்லைக்கு முன்னதாகச் சக்கரம் தரையைத் தொடுதல் கூடாது. இறங்குவதற்குக் கிடைக்கும் நீளம் அந்த அளவிற்குக் குறையும். ஏறுவதற்கு மட்டும் அப்பகுதியும் பயன்படலாம். தடையை அகற்ற இயலாத இடத்தில் ஓடுபாதையே தன் எல்லையைச் சுருக்கிக்கொள்கிறது என்பது விதியின் போக்கு. நிலம் கையகப்படுத்தும் அலுவலர்கள் இதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே கருதாவிடில், பின்னர் பல பத்தாண்டுகள் அதன் விலையை மீட்டர் கணக்கில் செலுத்த நேரிடும்.

இதற்கு முற்றிலும் மாறான ஒரு காட்சியையும் கொல்கத்தா கண்டுள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-43 ஆண்டுகளில், மைதானத்தின் நடுவே செல்லும் ரெட் ரோடு போர் விமானங்களுக்கு ஓடுபாதையாயிற்று. இன்று இந்திரா காந்தி சரணி என்று வழங்கும் அச்சாலையில் ஹரிக்கேன் விமானங்கள் இறங்கி ஏறின. பட்டையும் இல்லை, முனைப் பகுதியும் இல்லை. போர்க்காலம் அதை ஏற்றது. பயணிகளை ஏற்றிச் செல்லும் அமைதிக்காலம் ஏற்காது.

மஞ்சள் கோடும் சிவப்பு விளக்கும்

நிறங்களைப் பற்றிச் சுருக்கமாகக் கூறிவிடலாம். ஓடுபாதையின் குறிகள் வெண்மை. டாக்சிவேயின் குறிகள் மஞ்சள். இரவில் ஓடுபாதை விளிம்பு விளக்குகள் வெண்மையாகவும், டாக்சிவே விளிம்பு விளக்குகள் நீலமாகவும், டாக்சிவே நடுக்கோட்டு விளக்குகள் பச்சையாகவும் ஒளிரும். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துள்ள பலகை கட்டளைப் பலகை. அனுமதியின்றி அதைத் தாண்டக் கூடாது. மஞ்சளும் கருப்பும் உள்ளவை இடத்தையும் திசையையும் மட்டும் கூறுபவை.

இவற்றுள் மிக முக்கியமானது, டாக்சிவே ஓடுபாதையைத் தொடுவதற்கு முன் குறுக்கே வரையப்பட்டிருக்கும் காத்திருப்புக் கோடு. இது நான்கு மஞ்சள் கோடுகளின் தொகுதி. இரண்டு தொடர்ச்சியானவை, இரண்டு விட்டுவிட்டுச் செல்பவை. தொடர்கோடு எப்பக்கம் உள்ளதோ அப்பக்கத்தில் நிற்பவர் அனுமதி பெற்றே தாண்ட வேண்டும். விட்ட கோடு ஓடுபாதைப் பக்கம் இருப்பதால், இறங்கிய விமானம் வெளியேறும்போது அனுமதிக்கு நிற்காமல் கடந்து வரலாம். கருவித் தரையிறக்கம் நடைபெறும் பெரிய ஓடுபாதைகளில் இக்கோடு நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டர் தள்ளி வரையப்படுகிறது. பார்வைக்கு இது மிகுதியாகத் தோன்றும். ஆனால் அந்த 90 மீட்டருக்குள் நிற்கும் விமானத்தின் உயர்ந்த வால், இறங்கி வரும் விமானத்திற்குத் தடையாவதோடு, வழிகாட்டும் மின்னலைகளையும் திரித்துவிடக்கூடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகியதாக எப்போது கருதப்படும்? மூக்கு கோட்டைத் தாண்டியவுடன் அன்று. வாலின் நுனியும் தாண்டிய பின்னரே. அதுவரை பின்னால் வரும் விமானத்திற்கு ஓடுபாதை காலியாக இல்லை. பொது விதியின்படி, முன்னே இறங்கிய விமானம் முழுமையாக விலகுவதற்கு முன், பின்னே வரும் விமானம் இறங்கு எல்லையைத் தாண்டக் கூடாது. முன்னே சென்றது ஏறும் விமானமாயின், அது ஓடுபாதையின் மறுமுனையைக் கடந்திருக்க வேண்டும் அல்லது திரும்பியிருக்க வேண்டும்.

பார்வை மங்கிய வேளைகளில் கோட்டிற்குத் துணையாகத் தரையில் பதித்த சிவப்பு விளக்குகளின் வரிசை எரியும். அது எரியும்போது, கோபுரம் வாய்மொழியாக அனுமதி கூறியிருந்தாலும், தாண்டுதல் ஆகாது; மீண்டும் கேட்க வேண்டும். ஒரு சொல்லும் ஒரு விளக்கும் முரண்பட்டால் நிற்கச் சொல்வதே வெல்லும்.

வண்டி ஓட்டுநர்களுக்கு உரியவை இவற்றினும் கண்டிப்பானவை. தனி ஓட்டுரிமம், சுழலும் மஞ்சள் விளக்கு, வானொலித் தொடர்பு ஆகியவை வேண்டும். விமானத்திற்கு வண்டி எப்போதும் வழிவிட வேண்டும்; ஆபத்தில் சிக்கிய விமானத்திற்கு உதவச் செல்லும் தீயணைப்பு வண்டிக்கு மட்டும் மற்றெல்லாத் தரைப் போக்குவரத்தும் வழிவிடும். வானொலி பழுதுபட்டால் கோபுரத்திலிருந்து ஒளிச்சைகை வரும். நிலையான சிவப்பு என்றால் நில். விட்டுவிட்டு ஒளிரும் பச்சை என்றால் கடக்கலாம். விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு என்றால் உடனே ஓடுபாதையையோ டாக்சிவேயையோ விட்டு விலகு. விட்டுவிட்டு ஒளிரும் வெண்மை என்றால் இயக்கப் பரப்பிலிருந்தே வெளியேறு. புல் வெட்டும் பணியாளரும் இவற்றைத் தூக்கத்திலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். டம்டமில் நரிகள் வளாகத்தினுள் திரிவது பழைய செய்தி. நரிக்கு ஒளிச்சைகை தெரியாது; ஆகவே அதற்காக வேலியும் ரோந்தும் வேண்டியுள்ளன.

சொல்லும் பொருளும்

கோடுகள் எவ்வளவு தெளிவாக இருப்பினும், அவற்றைத் தாண்டும் அனுமதி சொல்லாகவே வருகிறது. சொல் பிறழ்ந்தால் கோடு பயனற்றதாகிவிடும்.

1977 மார்ச் 27-ஆம் நாள், ஸ்பெயினுக்குரிய கானரித் தீவுகளில் உள்ள டெனரீஃப் நிலையத்தில் நிகழ்ந்தது இதற்கு மறக்க இயலாத சான்று. அருகிலிருந்த வேறொரு நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் அங்குத் திருப்பிவிடப்பட்டன. அவை ஏப்ரனையும் டாக்சிவேயையும் அடைத்து நின்றன. எனவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையின் மீதே ஊர்ந்து செல்ல நேர்ந்தது. அதாவது ஓடுபாதை அன்று டாக்சிவேயாகவும் பயன்பட்டது. மேகம் தரையோடு தவழ்ந்தது. முதல் விமானத்தின் தலைமை விமானி, தமக்கு ஏறுவதற்கான அனுமதி வந்துவிட்டதாகக் கருதி விரைந்தார். மற்றொன்று இன்னும் பாதையிலேயே இருந்தது. அதனைத் தெரிவிக்கும் வானொலிச் செய்தியும் காத்திருக்கச் சொன்ன கோபுரத்தின் செய்தியும் ஒரே நொடியில் எழுந்து, ஒன்றையொன்று மறைத்து, வெறும் கிரீச்சொலியாயின. 583 பேர் மாண்டனர். அதன் பின்னர், ஏறுவதைக் குறிக்கும் 'டேக் ஆஃப்' என்னும் சொல்லை, உண்மையில் ஏறுவதற்கு அனுமதி தரும்போதும் அதைத் திரும்பப் பெறும்போதும் மட்டுமே கூற வேண்டும் என்னும் ஒழுங்கு உலகெங்கும் ஏற்பட்டது. ஓடுபாதைக்குள் நுழைதல், கடத்தல், கோட்டுக்கு முன் நிற்றல் ஆகிய ஆணைகளை விமானி அப்படியே திருப்பிக் கூற வேண்டும். "சரி" என்று மட்டும் சொல்லுதல் போதாது.

2001 அக்டோபர் 8-ஆம் நாள் இத்தாலியின் மிலான் லினாத்தே நிலையத்தில், மூடுபனியில் ஒரு சிறு விமானம் தவறான டாக்சிவேயில் சென்று ஓடுபாதைக்குள் நுழைந்தது. ஏறிக்கொண்டிருந்த விமானத்துடன் மோதியதில் 118 பேர் மாண்டனர். அங்கு குறிகள் தரத்திற்கு ஒவ்வாதவையாக இருந்தன. தரை ரேடாரும் இயங்கவில்லை. அச்சிறு விமானம் எங்கே நிற்கிறது என்பதைக் கோபுரத்தால் காண இயலவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணுவோருக்கு 2024 ஜனவரி 2-ஆம் நாளின் டோக்கியோ ஹனேடா நிகழ்ச்சி பதிலாகும். நிலநடுக்க நிவாரணப் பொருள்களுடன் புறப்படவிருந்த கடலோரக் காவல் விமானத்திற்கு, காத்திருப்புக் கோடு வரை வருமாறு கோபுரம் கூறியது; ஏறும் வரிசையில் அது முதலாவது என்றும் சேர்த்துச் சொன்னது. விமானியோ ஓடுபாதைக்குள் நுழையவே அனுமதி கிடைத்ததாகப் புரிந்துகொண்டார். ஏறக்குறைய 40 நொடிகள் அவ்விமானம் ஓடுபாதையில் நின்றது. இறங்கிய பெரிய விமானம் அதன்மீது மோதித் தீப்பற்றியது. பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினர். சிறியதில் இருந்த அறுவரில் ஐவர் மாண்டனர். வரிசை எண்ணைக் கூறும் வழக்கத்தை ஜப்பான் அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. உதவியாகச் சொன்ன ஒரு கூடுதல் தகவல், அனுமதியைப் போல் ஒலித்தது. அலுவலகக் கடிதங்களிலும் இத்தகைய இரட்டைப் பொருள் தரும் வாக்கியங்களை நாம் எழுதுவது உண்டு. அங்கு ஒரு விளக்கக் கடிதத்தோடு முடிந்துவிடும்.

கொல்கத்தாவில் ஒரு காலைப்பொழுது

டெனரீஃப் விபத்து நிகழ்ந்து சரியாக 47 ஆண்டுகள் நிறைவுற்ற நாளில், 2024 மார்ச் 27 அன்று, கொல்கத்தா நிலையத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. சென்னைக்குப் புறப்படவிருந்த போயிங் 737 ஒன்று, ஓடுபாதைக்குள் நுழைவதற்கான அனுமதியை எதிர்நோக்கி டாக்சிவேயில் நின்றிருந்தது. தர்பங்காவிற்குப் புறப்படவிருந்த ஏர்பஸ் ஏ320 அதைக் கடந்து ஊர்ந்து சென்றபோது, இரண்டின் இறக்கை முனைகளும் உரசின. நின்றிருந்த விமானத்தின் இறக்கை நுனி முறிந்து விழுந்தது. பயணிகளுக்குக் காயம் எதுவும் இல்லை. இரு விமானங்களும் ஏப்ரனுக்குத் திரும்பின. தலைமை இயக்குநரகம் ஏர்பஸ் விமானத்தின் விமானிகள் இருவரையும் பணியிலிருந்து விலக்கி வைத்து விசாரணைக்கு ஆணையிட்டது. கரியாஹாட்டை அடுத்த லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சென்னை விமானம் என்பது கிட்டத்தட்ட ஊர்ப் பேருந்து போன்றது. ஆகவே அச்செய்தி அங்கு மற்ற இடங்களைவிடக் கூர்ந்து படிக்கப்பட்டிருக்கும்.

இந்நிகழ்ச்சி மாணவர்களுக்கு ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கற்பிக்கிறது. ஓடுபாதையில் இரு விமானங்களைப் பிரித்து வைப்பது கோபுரத்தின் கடமை. டாக்சிவேயில் கோபுரம் எவ்வழியே செல்ல வேண்டும் என்பதைக் கூறும். ஆனால் அருகில் நிற்கும் விமானத்தின் மீது மோதாமல் செல்வது பெரும்பாலும் விமானியின் கண்ணையே சார்ந்தது. இரண்டு விமானங்களின் இறக்கை அகலமும் ஏறக்குறைய 36 மீட்டர். அதாவது விமானியின் இருக்கையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் சுமார் 18 மீட்டர் நீண்டு, பின்னோக்கிச் சரிந்திருக்கும் ஒரு நுனியை அவர் கணித்துச் செல்ல வேண்டும். அந்நுனி அவர் இருக்கையிலிருந்து எளிதில் புலப்படுவதில்லை.

நடுக்கோட்டின் மீது சரியாகச் சென்றால் போதுமே என்று கேட்கலாம். அது உண்மையே, எதிரில் நிற்பவரும் தமக்குரிய கோட்டிற்குப் பின்னால் சரியாக நிற்கும்வரை. இவ்வகை விமானங்களுக்கு டாக்சிவேயின் நடுக்கோட்டிலிருந்து எந்தப் பொருளும் 26 மீட்டருக்குள் இருத்தல் கூடாது. இறக்கையின் பாதி நீளமாகிய 18 மீட்டரைக் கழித்தால் எஞ்சுவது 8 மீட்டர். ஒரு விமானம் இரண்டு பாதைகள் பிரியும் இடத்தில் நின்றுவிட்டால் இந்த 8 மீட்டர் விரைவில் கரைந்துவிடும். அத்தகைய இடங்களில் ஐயம் எழுந்தால் நின்று, கோபுரத்திடம் கூறி, வழிகாட்டும் வண்டியை அழைத்துக்கொள்வதே முறை. காலதாமதத்திற்குக் காரணம் கேட்கும் அதிகாரிகள், இந்தத் தாமதத்திற்கு மட்டும் காரணம் கேட்காதிருப்பது நல்லது.

வேலிக்கு அப்பாலுள்ள விதி

ஓடுபாதையின் விதி வேலியோடு நிற்பதில்லை. ஏறும் விமானத்தின் பாதையும் இறங்கும் விமானத்தின் பாதையும் வானில் சரிவாக விரிந்து செல்வதால், அவற்றின் கீழுள்ள நிலமும் ஒரு வகையில் ஓடுபாதையின் தொடர்ச்சியே. வானூர்தி விதிகள், 1937-இன் 91-ஆம் விதி, நிலையத்தின் குறிப்புப் புள்ளியிலிருந்து 10 கி.மீ. சுற்றளவில் பறவைகளை ஈர்க்கும் வகையில் விலங்குகளைத் திறந்தவெளியில் அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் தடை செய்தது. நகராட்சி அலுவலர் பலர் இதனைச் சுகாதார விதியாகவே கருதுவர். உண்மையில் இது என்ஜினுக்குள் பருந்து புகாதிருப்பதற்கான விதி.

கட்டடங்களின் உயரத்திற்கோ எல்லை இன்னும் அகன்றது. 2015-ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, விமான நிலையக் குறிப்புப் புள்ளியிலிருந்து 20 கி.மீ. வரை கட்டடங்களின் உயரம் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. கரியாஹாட் ஏறக்குறைய 17 கி.மீ. தொலைவில் இருப்பதால், அங்கெழும் அடுக்குமாடிக் கட்டடமும் இவ்வெல்லைக்குள் அடங்குகிறது. ஆயினும், மூன்று மாடி வீடு கட்டும் ஒவ்வொருவரும் ஆணையத்தின் வாயிலில் நிற்க வேண்டும் என்று இதற்குப் பொருளன்று. ஆணையம் வெளியிட்டுள்ள வண்ணக் குறியீட்டு வரைபடம் ஒவ்வொரு பகுதிக்கும் அனுமதிக்கப்பட்ட உயரத்தைக் காட்டுகிறது. அவ்வுயரத்திற்குட்பட்ட கட்டடத்தை மாநகராட்சியே அனுமதிக்கலாம். மிகுந்தால்தான் தடையின்மைச் சான்று வேண்டும்.

இங்கு அலுவலர்கள் அடிக்கடி தவறும் இடம் ஒன்றுண்டு. வரைபடத்தில் உள்ள உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது, தரையிலிருந்து அன்று. மனையின் தரைமட்டம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயர்ந்தது என்பதை முதலில் அளந்து, அனுமதிக்கப்பட்ட உயரத்திலிருந்து அதனைக் கழித்த பின்னரே கட்டக்கூடிய உயரம் கிடைக்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, இடிதாங்கி, தொலைத்தொடர்புக் கம்பம் ஆகிய அனைத்தும் அவ்வுயரத்திற்குள் அடங்க வேண்டும். கொல்கத்தா தாழ்ந்த சமவெளியாதலால் இந்த வேறுபாடு சில மீட்டர்களே. சென்னையில் மீனம்பாக்கம் ஓடுபாதைக்கு அருகே பரங்கிமலையும் பல்லாவரக் குன்றுகளும் நிற்பதால், அங்கு இது பெரிய வேறுபாடாகிவிடும்.

சான்று பெறாமலோ மீறியோ எழுந்த தடைகளைக் குறைப்பதற்கு 1994-ஆம் ஆண்டின் தடை அகற்றல் விதிகள் வழிவகுத்துள்ளன. விமான நிலையப் பொறுப்பு அலுவலர் தடையைக் கண்டறிந்து அறிவிப்புத் தருவார்; உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்ட பின் தலைமை இயக்குநர் ஆணையிடுவார்; அதற்கு இணங்காவிடில் நடவடிக்கை மாவட்ட ஆட்சியரிடம் வந்து சேரும். மரமும் இவ்விதிக்கு உட்பட்டது. நட்டபோது உயரத்திற்குள் இருந்த தென்னை, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதனைத் தாண்டியிருக்கக்கூடும். ஆகவே அளவீடு என்பது ஒருமுறை செய்து கோப்பில் வைத்துவிடும் பணியன்று. தியோடலைட்டுடன் நில அளவையாளர் கூரை கூரையாக ஏறி இறங்கும் வேலை, ஓடுபாதை பயன்பாட்டில் உள்ளவரை, குறித்த கால இடைவெளிகளில் தொடர்ந்து நடைபெற வேண்டியதாகும்.